முடிச்சுக்குள் சிவப்பு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நலம், மனசைக் கேட்டால் அப்பா மட்டும் நலம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. உன் இருமல் விட்டதா, அந்த ஈரம் கசியும் அறையை மாற்றிக்கொண்டாயா, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்க ஆசைதான், ஆனால் கேட்டால் என் கோபம் ஆறிவிடும் போலிருக்கிறது, அதனால் அதையெல்லாம் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்பது வாரமாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா சொன்னது எல்லாம் பொய். ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பார்களா என்று கேட்டாயாமே, சரியாகத்தான் கேட்டாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தாயிற்று, ஒரு வாரம் கஞ்சியாகக் குடித்துவிட்டு இப்போது வழக்கம்போல முறுக்கைத் தேடுகிறார். மாடி வீட்டுத் தண்ணீர் நம் குளியலறைச் சுவரில் இறங்குவது இன்னும் நிற்கவில்லை.

அன்றைக்கு நீ சொன்னதை நீயே மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "ஒரு சோயாச் செடிக்காக யாராவது வேலையைக் கெடுத்துக்குவாங்களாம்மா, ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டு வா" என்றாய். நீ செய்கிற வேலை என்ன, கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைச் சோதித்து, ஏறலாம் என்று சான்று கொடுக்கிற வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தானே பிள்ளைத்தாய்ச்சிகளும் வயசானவர்களும் அதில் ஏறுகிறார்கள். நீ போய் இதைச் சொல்கிறாயே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் கையெழுத்து மட்டும் என்ன மலிவா. முப்பத்தொரு வருஷமாக மண்ணையும் வேரையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நாலு சுவருக்குள் ஒரு நுண்ணோக்கியும் ஒரு குளிர்பெட்டியும் வைத்துக்கொண்டு இந்த அம்மா என்னத்தைக் கிழிக்கிறாள் என்று வீட்டில் இருப்பவர்களே நினைத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல.

நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் அலுவலகத்தின் குத்தகை நிலம் இருக்கிறதே, இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம் பிரித்து வாங்கிப் பயிர் செய்கிறார்கள். பதினைந்து வருஷமாகப் பருத்தியே போட்டுப் போட்டு அந்த மண் சத்தில்லாமல் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. இந்த வருஷம் எல்லாரும் சோயா போடுங்கள், யூரியா வேண்டாம், அது தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே செய்துகொள்ளும், மண்ணுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்று எங்கள் அலுவலகமே வீடு வீடாகப் போய்ச் சொன்னது. சொன்னதில் தப்பில்லை. நாம் மூச்சு விடுகிற காற்றில் ஐந்தில் நாலு பங்கு தழைச்சத்தான நைட்ரஜன்தான், ஆனால் அது பூட்டிய பெட்டி, எந்தச் செடியாலும் அப்படியே எடுத்துத் தின்ன முடியாது. உர ஆலையில் அந்தப் பூட்டைத் திறக்க நானூறு ஐந்நூறு டிகிரி சூடும் பயங்கரமான அழுத்தமும் வேண்டும். அதையே அவரை, பயறு, சோயா மாதிரிச் செடிகளின் வேரில் ஒரு பாக்டீரியா குடியேறி, சத்தமில்லாமல், ஈர மண்ணுக்குள் இருந்துகொண்டே செய்துவிடுகிறது. செடி சும்மா இருப்பதில்லை, வேரிலிருந்து ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு அதைக் கூப்பிடும். வந்ததும் வேரில் சின்னச் சின்ன முடிச்சு கட்டி உள்ளே இடம் கொடுக்கும், இலையில் சமைத்த சர்க்கரையை அனுப்பும், பதிலுக்குத் தழைச்சத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வேலைக்குப் பிராணவாயு அதிகமானால் கெட்டுவிடும், அறவே இல்லாவிட்டால் பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துவிடும், அதனால் அளந்து அளந்து கொடுக்கச் செடி ஒரு சிவப்புப் பொருளைச் செய்துவைத்துக்கொள்கிறது. நம் ரத்தத்தில் ஓடுகிறதே அந்தச் சிவப்புக்குக் கூடப்பிறந்தது மாதிரி. முடிச்சைப் பிளேடால் வெட்டிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் நடக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு பிளேடு போதும்.

சோயாவுக்கு ஏற்ற அந்த பாக்டீரியா நம் பக்கத்து மண்ணில் கிடையாது, நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கரித்தூளில் கலந்து பாக்கெட்டாக வரும், விதையில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்து இந்தத் தூளைப் புரட்டி நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். உயிருள்ள சரக்கு, குளிரில் வைத்திருந்தால்தான் பிழைத்திருக்கும். அதற்கென்றே எங்கள் கிடங்கில் ஒரு குளிரறை இருந்தது, பொறுப்பு உன் சித்தப்பா. எல்லாரும் வாங்கிப்போய் விதைத்தார்கள், யூரியா போடவில்லை, எங்கள் வார்த்தையை நம்பி. ஆறு வாரம் கழித்து ஒரு அம்மா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். எப்போதும் சிவப்புக் குடை வைத்திருப்பாள், நாங்கள் சிவப்புக்குடைக்காரி என்றுதான் சொல்வோம், கணவர் இல்லை, ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தனியாகப் பார்க்கிறவள். ஈரச் சாக்கில் பத்துச் செடியை வேரோடு சுற்றிக் கொண்டுவந்து முன் மேஜையில் வைத்திருக்கிறாள். அங்கே இருந்த எழுத்தர் மேஜை அழுக்காகிறது, புகார் என்றால் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போங்கள், செடியை எடுங்கள் என்று விரட்டுகிறார். எனக்கு எழுதத் தெரியாதே, அதுக்குத்தான் செடியைக் கொண்டுவந்தேன் என்கிறாள் அவள். இந்தப் பேச்சு கேட்டுத்தான் நான் வெளியே வந்தேன். செடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலையெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். வேரைக் கழுவினேன், மிளகு மிளகாக ஒட்டியிருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது, பத்துச் செடியில் தேடித் தேடி நாலு முடிச்சு, அதுவும் கடுகளவு. வெட்டினேன், உள்ளே வெள்ளை.

அன்றைக்கே கிடங்குக்குப் போய் மிச்சமிருந்த பாக்கெட் இரண்டைக் கேட்டு வாங்கிவந்து, தூளைக் கரைத்துச் சோதனைத் தட்டுகளில் வளரப் போட்டேன். ஒரு கிராம் தூளில் பத்துக் கோடி உயிர் இருக்க வேண்டும் என்பது விதி. ஐந்து நாள் கழித்துத் தட்டுகளைத் திறந்தால் ஒன்றிலே பூஞ்சணம், மற்றதிலே அங்கொன்று இங்கொன்றாகச் சில புள்ளி. எண்ணிக்கூட்டிப் பார்த்தால் கிராமுக்கு ஆயிரம்கூடத் தேறவில்லை. செத்த சரக்கு. விதையில் கரியைப் பூசி விதைக்கச் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். அறிக்கை எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். உட்காருங்க மேடம் என்றார், முப்பத்தொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் என்னை உட்காரச் சொன்னார்கள். "பின்னாடி அஞ்சு சைபர் சேர்த்து எழுதிக் கொடுங்க, சைபருக்கு மதிப்பே கிடையாதுன்னு ஸ்கூல்ல படிச்சதில்லையா" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. நான் சொன்னேன், "சார், சைபருக்கு மதிப்பில்லன்னா நீங்களே போட்டுக்கங்க, ஆனா அதுக்குக் கீழ என் பேர் இருக்காது." மறுநாள் காலையில் எனக்கு ஆணை வந்தது, ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் பகுதியை மேற்பார்வை செய்ய வேண்டுமாம். அங்கே மேற்பார்வை செய்ய யாரும் இல்லை, நான்தான் கழுவ வேண்டும்.

அதே வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். பயனாளிகள் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்தும், வெயிலில் உலர்த்தியும், மிக ஆழமாக விதைத்தும் காட்டிய கவனக்குறைவால் பயிர் பாதிக்கப்பட்டுள்ளது, கவனக்குறைவானவர்களின் குத்தகை அடுத்த பருவத்துக்குப் புதுப்பிக்கப்படாது என்று. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒரே நாளில் கூடிப் பேசி வெயிலில் உலர்த்தினார்களாம். எத்தனை திமிர் இருந்தால் இப்படி எழுதுவார்கள். அன்று சாயங்காலம் உன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார். குளிரறையில் குளிர் மெஷின் இல்லையாம். விதைப்புக்கு மூன்று மாசம் முன்னாலேயே அதைக் கழற்றிக்கொண்டுபோய் இயக்குநர் புதிதாகக் கட்டிய கூட்ட அரங்கில் மாட்டிவிட்டார்களாம். பாக்கெட் எல்லாம் தகரக் கொட்டகைக்குப் போயிருக்கிறது, கோடை முழுக்க. முட்டை வைத்தால் வெந்துவிடும் அந்தக் கொட்டகையில். புத்தகத்தில் மட்டும் இவர் தினமும் நாலு டிகிரி, நாலு டிகிரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எழுதச் சொன்னது இயக்குநர். "அண்ணி, நீங்க வாயைத் திறந்தா முதல்ல போறது நான்தான். ரெண்டு பிள்ளைங்க படிக்குது" என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் பிள்ளைகள் படிக்கவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அப்பா எனக்காகப் பரிந்து வரவில்லை, தம்பி குடிக்காமல் வைத்த காப்பியை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். மறுநாள்தான் நீ கூப்பிட்டாய், சித்தப்பா உன்னிடம் முதலிலேயே பேசியிருக்கிறார் என்று தெரிந்தது, நீயும் கண்ணை மூடச் சொன்னாய். அன்றைக்கு என் வீட்டிலேயே நான் தனியாகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பாவை நான் தப்பாக நினைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ போய்விட்டுப் பதினெட்டுக் காலிப் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார், எதற்கு என்று கேட்டேன், "பேப்பர்ல எழுதினா அவன் பேப்பர்ல பதில் எழுதுவான், செடிக்கு என்னத்த எழுதுவான்" என்றார். வாழ்நாள் முழுக்க அலுவலக ஜீப் ஓட்டிய மனுஷருக்கு இது தோன்றியிருக்கிறது, முப்பத்தொரு வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்த எனக்குத் தோன்றவில்லை. விதைப்புக்கு முன் சரக்கு வந்த அன்றே ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து பாக்கெட்டை எடுத்து என் குளிர்பெட்டியில் மாதிரிக்கு வைப்பது என் வழக்கம், அது இருந்தது. பதிவேட்டில் நாள் நேரம் எழுதி, காரணம் எழுதி, இரண்டை எடுத்தேன், சோதனைக்கு வாங்கிவந்த கிடங்குப் பாக்கெட்டில் மிஞ்சியதையும் சேர்த்துக்கொண்டேன். அதே தொகுதி, அதே தேதி, ஒன்று குளிரில் இருந்தது, ஒன்று கொட்டகையில் வெந்தது. சிவப்புக்குடைக்காரியின் வயலிலிருந்தே சாக்கில் மண் வந்தது. ஆறு டப்பாவில் வெறும் விதை, ஆறில் கொட்டகைத் தூள், ஆறில் என் குளிர்பெட்டித் தூள். மிச்சமிருந்த நல்ல தூளை அவளிடம் கொடுத்து, வயலில் வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டில் புதிதாக விதைத்துப் பார் என்றேன். நம் மாடிப்படித் திருப்பத்திலும் பால்கனியிலும் டப்பாவாக நின்றது. மாடி வீட்டுக்காரர் கொசு வரும் என்று சண்டைக்கு வந்தார், முதலில் உங்கள் குழாயைச் சரி செய்யுங்கள், அதில் வருவது கொசு இல்லை முதலை என்று அப்பா சொல்லியனுப்பினார். மூன்றாவது வாரம் வரைக்கும் பதினெட்டும் ஒரே மாதிரி இருந்தது, எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாலாவது வாரம் பன்னிரண்டு டப்பா வெளுக்க ஆரம்பித்தது, ஆறு டப்பா மட்டும் கரும்பச்சையாக எழுந்தது. வெறும் விதைக்கும் கொட்டகைத் தூளுக்கும் துளி வித்தியாசம் இல்லை. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், நீ சொல்லிக்கொள்ளாதே யாரிடமும்.

குடியானவர்கள் மேலிடத்துக்கு மனுப்போட்டு, விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார்கள். விசாரணை அந்தப் புதுக் கூட்ட அரங்கில்தான். உள்ளே போனால் பல் கிட்டிக்கொள்கிற குளிர், அந்த அம்மா சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருபக்கம் இயக்குநர், சித்தப்பா, மற்ற ஊழியர்கள், எதிரே குடியானவர்கள் பத்துப் பதினைந்து பேர். என்னைக் கூப்பிடவில்லை, பாத்திரம் கழுவுகிறவளுக்கு அங்கே என்ன வேலை. நானாகப் போனேன், அப்பா பின்னால் வகைக்கு ஒன்றாக மூன்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இயக்குநர் எழுந்து, அலுவலகப் பாக்கெட்டைத் திருடி வீட்டுக்குக் கொண்டுபோனவர் இவர் என்றார். சிட்டு, என் வாழ்க்கையில் என்னைத் திருடி என்று யாரும் சொன்னதில்லை. பதிவேட்டைக் கொண்டுபோயிருந்தேன், என் கையெழுத்தும் தேதியும் இருந்த பக்கத்தைத் திறந்து அந்த அம்மா முன்னால் வைத்தேன். பிறகு செடியை வேரோடு பிடுங்கி, தண்ணீரில் அலசி, வெள்ளைத்தாளில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நான் வெட்டவில்லை, பிளேடை அவர்களிடம் நீட்டினேன், "நான் வெட்டினா நான் ஏதோ பண்ணினேன்னு சொல்வாங்க மேடம், நீங்களே வெட்டுங்க" என்றேன். பச்சைச் செடியின் முடிச்சைத்தான் முதலில் வெட்டினார்கள். தாளில் சிவப்பு ஒட்டியது. "ரத்தம் மாதிரி இருக்கே" என்றார்கள். மற்ற இரண்டிலும் வெட்ட முடிச்சே இல்லை. மண் ஒன்று, விதை ஒன்று, தண்ணீர் ஊற்றியது ஒரே ஆள், தொகுதி எண்ணும் ஒன்று, இதில் குடியானவர்களின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இயக்குநர் அசரவில்லை, பாக்கெட் குளிரறையில்தான் இருந்தது, தினசரி வெப்பப் பதிவு இதோ, நாலு டிகிரி என்று சித்தப்பாவின் புத்தகத்தை எடுத்து நீட்டினார். நான் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலி நகர்ந்தது, சித்தப்பா எழுந்து நின்று, "மேடம், உங்களுக்குக் குளிருதுல்ல, அந்தக் குளிர் அந்தப் பாக்கெட்டுக்குச் சேர வேண்டியது. மேல பாருங்க, அந்த மெஷின்ல குளிரறைன்னு பெயின்ட்ல எழுதினதுகூட இன்னும் அழியல. நாலு டிகிரின்னு எழுதினது நான், பொய்" என்றார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். எழுத்து இருந்தது.

இதற்கு மேல் எல்லாம் நேராகிவிட்டது என்று நினைப்பாய். குத்தகையை ரத்து செய்வதில்லை என்று உத்தரவு வந்தது, அது ஒன்றுதான் நல்லது. கவனக்குறைவு என்று எழுதிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், பொய்யை நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று எனக்கு இந்த வயசிலும் புரியவில்லை. ஒரு பருவம் போன குடும்பங்களிடம் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இயக்குநரை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பெரிய அலுவலகம், அங்கேயும் ஒரு கூட்ட அரங்கு இருக்கும், எதைக் கழற்றப் போகிறாரோ என்கிறார் அப்பா. உண்மையைச் சொன்ன சித்தப்பாவைத்தான் பொய்ப் பதிவுக்காக மூன்று மாசம் இடைநீக்கம் செய்தார்கள். உன் சித்தி என்னோடு பேசுவதில்லை, கடைவாசலில் பார்த்தபோது ஒரே வாக்கியம் சொன்னாள், "உங்க செடி பச்சையாச்சு, எங்க வீடு வெளுத்துப்போச்சு" என்று. சித்தப்பாவுக்காக மேல்முறையீட்டு மனுவை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டிய இடத்தில் திட்டிவிடுகிறேன். அவர் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறார், இப்போதுதான் அண்ணி எனக்குத் தூக்கம் வருகிறது என்கிறார். நான் இன்னும் பாத்திரம்தான் கழுவுகிறேன், என்னைத் திரும்ப ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப இயக்குநர் கையெழுத்து வேண்டுமாம், புது இயக்குநர் இன்னும் வரவில்லையாம். மெஷினும் அரங்கிலேயேதான் இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது ஒன்று. விசாரணை முடிந்து வெளியே வந்ததும் சிவப்புக்குடைக்காரி கேட்டாள், "போனது போகட்டும் மேடம், வெளுத்த பயிரை மடக்கி உழுதுட்டா மண்ணுக்காவது உரமாகும்ல" என்று. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் ஆறுதலாகப் போயிருப்பாள். ஆனால் ஆகாது. சத்துள்ள செடியின் வேரும் இலையும் மண்ணில் சீக்கிரம் மக்கும், மக்கும்போது தழைச்சத்தை மண்ணுக்கு விடும். சத்தில்லாத வைக்கோல் மாதிரிச் செடியை உழுதால் அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்கு மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் எடுத்துக்கொள்ளும், அடுத்த பயிரும் கொஞ்ச நாள் பட்டினி கிடக்கும். போதாக்குறைக்கு இந்தப் பயிர் தனக்கு வேண்டியதையும் அந்த மண்ணிலிருந்தே உறிஞ்சியிருக்கிறது. கொடுக்க வந்த செடியை எடுக்கிற செடியாக்கிவிட்டார்கள். எருவோடு சேர்த்து மடக்கு, பிறகு கொஞ்ச நாள் விட்டுவிட்டு விதை என்று சொன்னேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

போன வியாழக்கிழமை மறுபடி வந்தாள். நான் பின்னால் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன், முன்னறையில் அவள் குரல் கேட்டது. வாய்க்கால் ஓரத் துண்டில் விதைத்தாளே, அதிலிருந்து ஒரே ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்திருந்தாள், முழங்காலுக்கு வளர்ந்த கரும்பச்சைச் செடி. என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவளை விரட்டிய அதே எழுத்தரிடம் பிளேடு கேட்டாள், அவர் பென்சில் சீவுகிற பிளேடைக் கொடுத்தார். அதே மேஜையில் வைத்து, மிளகைவிடப் பெரிய முடிச்சாகப் பார்த்து அவளே வெட்டினாள், வெட்டி, விரலில் ஒட்டிய சிவப்பை அவருக்குக் காட்டினாள். புகார்ப் புத்தகத்தை எடுங்க என்றாள். அவர் குழம்பிப்போய், நல்லாத்தானேம்மா இருக்கு, இதுல என்ன புகார், இது புகார் எழுதுற புத்தகம் என்றார். "புகார்தான். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் நிலம் முழுக்க இப்படி இருந்திருக்கணும்னு எழுதுங்க" என்றாள். அவர் பேனாவைத் திறந்து எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தார், இன்னொரு தடவை என்றாள், இன்னொரு தடவையும் படித்தார். பிறகு மை வைத்த கட்டைவிரலை அதன் கீழே அழுத்திவிட்டுச் செடியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

சிட்டு, இவ்வளவு எழுதியும் உன்மேல் கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் கை வலிக்கிறது. நீ நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நிமிர்ந்த தலையோடு இரு, அப்பாவும் நானும் தினமும் உன்னை நினைத்துக்கொண்டேதான் படுக்கிறோம். இருமலுக்கு வெந்நீர் குடி, ஐஸ் தண்ணீரைத் தொடாதே, ஈரமான அறையை இந்த மாசமே மாற்று. சித்தப்பாவுக்கு நீயாக ஒரு தடவை ஃபோன் செய்து பேசு, மறக்காதே, அவர் உன் குரலைக் கேட்டால் சந்தோஷப்படுவார். எனக்கும் ஞாயிறு காலையில் கூப்பிடு, நான் குளிக்கப் போயிருக்க மாட்டேன்.

கோபத்தோடும் அதைவிட அதிகமான பாசத்தோடும்,
உன் அம்மா